முப்பத்தொரு விசைகள்

சின்னதாகவும் வயர் இல்லாமலும் இருக்கிற இரண்டு மெக்கானிக்கல் விசைப்பலகைகளில் எதை வாங்கலாம் என்று கேட்டால் பதில் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். சத்தம் எவ்வளவு, பற்றரி எத்தனை நாள் நிற்கும், எடை என்ன, விலை என்ன, எல்லாவற்றையும் நுணுக்கமாக அளந்து வைத்திருக்கிறார்கள். அந்த அளவுகள் எல்லாம் ஆங்கிலம் தட்டும் விரல்களால் எடுக்கப்பட்டவை. தமிழ் தட்டுகிறவருடைய வலது சுண்டுவிரல் ஒரு பக்கத்தை முடிப்பதற்குள் எத்தனை தடவை நீண்டு மடங்குகிறது என்பதை அவர்கள் அளந்ததில்லை. அளக்க வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை, எங்களுக்கு உண்டு. வோபர்னில் இருந்து தமிழில் எழுதுகிறவன் என்ற வகையில், அந்தச் சுண்டுவிரலை முன்வைத்தே இந்தத் தெரிவைப் பேச நினைக்கிறேன்.

வோபர்ன் ஸ்காபரோவின் நடுவில் இருக்கிறது. மார்க்கம் வீதி, எல்ஸ்மியர் வீதி, லோரன்ஸ் கிழக்கு என்ற பெரிய தெருக்களும் அவற்றின் ஓரமாக எழும்பிய உயரமான தொடர்மாடிகளும்தான் இதன் முகம். இந்த வீடுகளில் எழுதுவதற்கென்று ஓர் அறை எவருக்கும் கிடையாது. சாப்பாட்டு மேசைதான் பிள்ளைகளின் வீட்டுப்பாட மேசை, பில் கட்டும் மேசை, ஊருக்கு அனுப்பும் பொதி கட்டும் மேசை. எல்லாரும் படுத்த பிறகு அது எழுத்து மேசையாகும். காலையில் பிள்ளை பால் குடிக்க வந்து உட்காரும்போது அங்கே வயர் கிடக்கக் கூடாது, பலகையும் கிடக்கக் கூடாது. 104 விசைகள் கொண்ட முழுப்பலகை ஏறத்தாழ 44 சென்ரிமீற்றர் அகலம் பிடிக்கும். நான் பேசப்போகும் சிறிய பலகைகள் 31 சென்ரிமீற்றர் அளவில் அடங்கிவிடும். அலுமாரியில் புத்தகங்களுக்கு நடுவே செருகி வைக்கலாம். சீடர்பிரே நூலகத்துக்குப் போகிற பைக்குள் ஐபாட்டோடு சேர்த்துப் போடலாம். மற்றவர்களுக்கு இது நாகரிகமாகவோ பொழுதுபோக்காகவோ இருக்கலாம். இரண்டு அறை வீட்டில் எழுதுகிறவருக்கு வேறு வழி இல்லை.

மெக்கானிக்கல் என்ற சொல்லுக்கும் காரணம் உண்டு. மலிவான பலகைகளில் எல்லா விசைகளுக்கும் கீழே ஒரே றப்பர் விரிப்புத்தான் கிடக்கும். அதை அடிமட்டம் வரை அமத்தினால்தான் எழுத்து விழும். மெக்கானிக்கலில் ஒவ்வொரு விசைக்கும் தனி சுவிட்ச், தனிச் சுருள்வில். ஜெர்மனியின் செரி நிறுவனம் 1980களில் கொண்டுவந்த அமைப்பில் விசை 4 மில்லிமீற்றர் ஆழம் வரை போகும், ஆனால் 2 மில்லிமீற்றர் போனதுமே எழுத்து பதிந்துவிடும். மீதி ஆழத்துக்கு விரல் அடித்து இறங்க வேண்டியதில்லை. பகல் முழுக்கப் பண்டகசாலையில் பெட்டி தூக்கிய கைகளும், முதியோர் இல்லத்தில் கட்டில் விரித்த கைகளும் இரவில் தமிழ் எழுத உட்காருகிற ஊர் இது. அந்தக் கைகளுக்கு இரண்டு மில்லிமீற்றர் பெரிய ஆறுதல்.

எடுத்துக்கொள்கிற இரண்டு பலகைகளும் கனடாவில் இலகுவாகக் கிடைப்பவை. ஒன்று கீக்ரோன் கே6. 68 விசைகள், ஐந்து வரிசை, 4000 மில்லிஅம்பியர் மணி பற்றரி, கொஞ்சம் உயரமான உடல். இதில் ஒரு வகை, சுவிட்ச்சைப் பிடுங்கிவிட்டு வேறொன்றைச் செருகக்கூடியது. மற்றது 2022இல் வந்த லொஜிடெக் எம்எக்ஸ் மெக்கானிக்கல் மினி. ஆறு வரிசை, 26 மில்லிமீற்றர் மட்டுமே உயர்ந்த தட்டையான உடல், விசையின் முழு ஆழமே 3 மில்லிமீற்றரைச் சற்றுத்தான் தாண்டும். வெளிச்சத்தோடு பாவித்தால் ஒரு முறை சார்ஜில் 15 நாள், வெளிச்சம் இல்லாமல் 10 மாதம் நிற்கும் என்று நிறுவனம் சொல்கிறது. இரண்டும் புளூடூத்தில் மூன்று கருவிகளோடு பேசும். அகலம் கிட்டத்தட்ட ஒன்றுதான். மேலே ஒரு வரிசை கூடுதலா இல்லையா என்பதும், உயரமும், சுவிட்ச் மாற்றலாமா கூடாதா என்பதும்தான் வித்தியாசங்கள். இந்த மூன்றும் தமிழுக்கு என்ன செய்கின்றன என்பதே கேள்வி.

அதற்கு முதலில் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். விசைப்பலகைக்கு எந்த மொழியும் தெரியாது. ஏ என்று அச்சிட்ட விசையை அழுத்தினால் பலகை கணினிக்கு அனுப்புவது 4 என்ற எண்ணை மட்டும். அந்த நான்கை ஆங்கில ஏ ஆக்குவதும், தமிழ்99 என்ற விசை அமைப்பில் அ ஆக்குவதும், பாமினி என்ற அமைப்பில் ய ஆக்குவதும் கணினியின் வேலை. ஆகவே தமிழ்ப் பலகை என்று தனியே ஒன்று தேவையில்லை, எந்தப் பலகையும் தமிழ் பேசும். ஆனால் எண்ணை அனுப்ப ஒரு விசை அங்கே இருக்க வேண்டும், அது விரல் எட்டும் இடத்திலும் இருக்க வேண்டும். சிறிய பலகை செய்கிறவர்கள் எதை வெட்டலாம், எதைச் சுருக்கலாம் என்று முடிவெடுக்கும்போது ஆங்கிலத்துக்கு அதிகம் தேவைப்படாத ஓரங்களில்தான் கைவைக்கிறார்கள். தமிழ் எழுத்துகளில் பல அந்த ஓரங்களில்தான் குடியிருக்கின்றன.

குடியிருக்க வந்த கதை நீளமானது. யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்து மலாயாவுக்குப் போன ஆர். முத்தையா, தமிழுக்கு ஒரு தட்டச்சுப்பொறி வேண்டும் என்று உட்கார்ந்தபோது அவருக்கு முன்னால் இருந்தது அமெரிக்கர்கள் ஆங்கிலத்துக்காகச் செய்த இயந்திரம். 1870களில் ரெமிங்டன் விற்கத் தொடங்கிய பொறியின் வழிவந்தது அது. விசைகள் ஐம்பதுக்கும் குறைவு, தமிழ் எழுத்துகளோ இருநூற்று நாற்பத்தேழு. கொம்பு, கால், புள்ளி, விசிறி என்று எழுத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்த்தார். புள்ளியும் விசிறியும் எழுத்தின் தலைக்கு மேலே விழ வேண்டியவை என்பதால், அவற்றை அடித்தாலும் தாள் நகராதபடி நகரா விசைகளை வைத்தார். தம் வடிவத்தை ஜெர்மனியின் செய்டல் அண்ட் நௌமான் தொழிற்சாலையில் செய்வித்தார். யாழ்ப்பாணத்து மனிதர், மலாயாவில் யோசித்து, ஜெர்மனியில் செய்வித்த பொறியில் தமிழ்நாடும் இலங்கையும் பல பத்தாண்டுகள் தட்டின.

இது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. தமிழின் விசைகளில் பெரும்பகுதி ஊரைவிட்டுப் போனவர்களால் உருவானது. 1980களின் நடுவில் ஆதமி என்ற தமிழ்ச் சொற்செயலியைச் செய்த முனைவர் சீனிவாசன் இருந்தது கனடாவில். அதே காலத்தில் முரசை உருவாக்கிய முத்து நெடுமாறன் மலேசியர். தமிழ் இணையத்துக்கு வழிவெட்டிய நா. கோவிந்தசாமி சிங்கப்பூர்க்காரர். 1998 தைப்பொங்கல் அன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கிய கல்யாணசுந்தரம் சுவிற்சர்லாந்தில் இருந்தார். அந்தத் திட்டத்தின் பழைய நூல்களைப் பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் கையால் தட்டித் தந்தார்கள். பாமினியில் இருந்து ஒருங்குறிக்கு மாற்றித் தரும் பொறியைச் செய்த சுரதா யாழ்வாணன் ஜெர்மனியில் வாழ்கிறவர். தாய்மொழியில் கடிதம் எழுத முடியாமல் தவித்தவர்களுக்குத்தான் இந்த வேலை அவசரமாகப் பட்டது. ரொறன்ரோவின் தமிழ் இலக்கியத் தோட்டம் கவிதைக்கும் புனைவுக்கும் விருது கொடுப்பதோடு, சுந்தர ராமசாமியின் பெயரால் தமிழ்க் கணிமைக்கும் விருது வைத்தது. எழுத்தாளனையும் எழுத்துக்கான கருவியைச் செய்தவனையும் ஒரே மேடையில் ஏற்றியது சரியான செயல். இன்னும் பல ஊர்களில் இது நடக்க வேண்டும்.

ரொறன்ரோவின் தமிழ்ப் பத்திரிகைகளும் சஞ்சிகைகளும் வளர்ந்தது பாமினியில். 1990இல் செல்வம் இங்கே தொடங்கிய ‘காலம்’ போன்ற சிற்றிதழ்களும், கடை வாசலில் இலவசமாக அடுக்கிக் கிடந்த வாரப் பத்திரிகைகளும் ஈழத்தவர்களின் கணினித் தமிழ் தழைத்த காலத்தில் எழுந்தவை. பாமினி முத்தையா வழியில் வந்த தட்டச்சு அமைப்பு. ஊரில் தட்டச்சு வகுப்புக்குப் போன கை கணினிக்கு முன்னால் உட்கார்ந்ததும் தடுமாறாமல் ஓடியது இதனால்தான். பாமினி எழுத்துரு இல்லாத கணினியில் அதில் எழுதிய மின்னஞ்சலைத் திறந்தால் ‘தமிழ்’ என்ற சொல் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாகக் கிடக்கும். ஈழத்தவர்களில் ஒரு தலைமுறைக்கு அந்த ஐந்து குறிகளைப் பார்த்ததும் ‘தமிழ்’ என்று வாசிக்கத் தெரியும். அது ஒரு திறமை, அழிந்துகொண்டிருக்கும் திறமை.

பத்திரிகைப் பக்கங்கள் கட்டிய ஓர் அண்ணரிடம், உங்களுக்கு எந்தப் பலகை வசதி என்று கேட்டேன். “தம்பி, ழ எங்க இருக்கெண்டு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. கையைப் பலகையில வைச்சாத்தான் தெரியும்” என்றார். மேசைமேல் விரல்களை வைத்து, இல்லாத பலகையில் ஒரு சொல்லைத் தட்டிப் பார்த்துவிட்டு, வலது மோதிர விரலைத் தூக்கிக் காட்டினார். இப்படி அறிந்து வைத்திருக்கிற ஒருவருக்கு 68 விசைப் பலகையை நான் கொடுக்க மாட்டேன். காரணம் இருக்கிறது.

பாமினியில் ஹ, ஷ இரண்டும் இடது மேல் மூலையில், எண் ஒன்றுக்கு முன்னால் இருக்கும் விசையில் இருக்கின்றன. கே6இல் அந்த மூலையை எஸ்கேப் பிடித்துக்கொண்டது. அங்கே இருந்த குறிகளுக்கு இன்னொரு விசையையும் சேர்த்து அமத்த வேண்டும். மினியில் எஸ்கேப் மேல்வரிசைக்குப் போய்விட்டதால் பழைய விசை பழைய இடத்திலேயே நிற்கிறது. ஹ எழுதும் தேவை குறைவுதானே என்று சொல்லலாம். ஆனால் ஹரிகரனும் ஷர்மிளாவும் அந்த அண்ணரின் பக்கங்களில் வராத கிழமை இல்லை. மரண அறிவித்தலும் பிறந்தநாள் வாழ்த்தும் பெயர்களால் ஆனவை.

பாமினிக் கை கவனிக்க வேண்டிய இன்னொன்று, ஷிப்ட். பாமினியில் கு, து, மு, பு எல்லாம் ஷிப்ட்டோடு வருகிறவை. ‘முதல்’ என்று தொடங்கினாலே சுண்டுவிரல் ஷிப்ட்டுக்குப் போக வேண்டும். கூ வேண்டுமென்றால் ஷிப்ட்டோடு நான்கு, அதாவது டொலர் குறி. இந்த இடத்தில் கனடாவுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. இந்த நாட்டில் பிரெஞ்சும் ஆட்சிமொழி என்பதால் 1992இலேயே இருமொழி விசைப்பலகைக்கென ஒரு தேசியத் தரம் வகுத்தார்கள். கடைகளில் கிடைக்கும் மடிக்கணினிகளும் பலகைகளும் பல அந்த அமைப்பில்தான் வருகின்றன. அவற்றில் இடது ஷிப்ட்டைக் குறுக்கி, பக்கத்தில் ஒரு விசையைக் கூடுதலாகச் செருகியிருப்பார்கள். ஆங்கிலம் எழுதுகிறவர் வாக்கியத்துக்கு ஒரு தடவை ஷிப்ட்டைத் தேடுவார். பாமினி எழுதுகிறவர் ஒரே சொல்லில் இரண்டு தடவை தேடக்கூடும். ஆகவே எந்தப் பலகையை வாங்கினாலும் இடது ஷிப்ட் நீளமாக இருக்கும் அமெரிக்க அமைப்பைக் கேட்டு வாங்க வேண்டும். கடைக்காரர் இரண்டும் ஒன்றுதான் என்பார். பாமினிக் கைக்கு ஒன்றல்ல.

தமிழ்99க்கு வருவோம். 1999 பெப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டில் உருப்பெற்று, அதே ஆண்டு யூனில் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட அமைப்பு இது. உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, ஆய்தம் ஒன்று, ஆக முப்பத்தொன்று. ஆங்கிலப் பலகையின் இருபத்தாறு எழுத்து விசைகளோடு வலப்பக்கத்து ஐந்து குறி விசைகளைச் சேர்த்தால் அதுவும் முப்பத்தொன்று. இரண்டு சதுர அடைப்புக்குறிகளில் ச, ஞ. அரைப்புள்ளியில் ந, அதற்கடுத்த மேற்கோள் குறியில் ய, சாய்கோட்டில் ழ. எதுவும் மிஞ்சவில்லை, எதுவும் குறையவில்லை. கிரந்த எழுத்துகளுக்குத் தவிர ஷிப்ட்டே தேவையில்லை. உயிர்கள் எல்லாம் இடது கையில். மெய்களில் வ, ங தவிர மற்றப் பதினாறும் வலது கையில். மெய்யும் உயிரும் மாறி மாறி வரும் தமிழ்ச் சொல்லின் இயல்பால் வலது, இடது, வலது, இடது என்று கைகள் ஒன்றுக்கொன்று வழிவிட்டுப் போகும். தட்டிப் பழகியவர்களுக்கு இந்த ஓட்டம் தெரியும். அது உச்சரிப்பின் ஓட்டத்துக்கு மிக அருகில் இருக்கிறது.

புள்ளியை அது நடத்தும் விதம் எனக்கு இன்னும் பிடிக்கும். தமிழில் மிக அதிகம் வரும் குறிகளில் ஒன்று புள்ளி. பாமினியில் அது வலது சுண்டுவிரலின் கீழே இருக்கிறது. தமிழ்99 அதைத் தூக்கி இடது சுட்டுவிரலிடம் கொடுத்தது. எஃப் விசையின் மேல் கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் ஒரு சின்ன மேடு தட்டுப்படும் அல்லவா, அந்த மேட்டில்தான் ஆய்தமும் புள்ளியும். அதற்கு மேலாக, பல இடங்களில் புள்ளியைத் தட்டவே தேவையில்லை. ஒரே மெய்யை இரண்டு தடவை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே விழும். ங அடுத்து க, ண அடுத்து ட, ந அடுத்து த என்று மெல்லினமும் அதன் இனமான வல்லினமும் சேரும் இடத்திலும் அப்படித்தான். ‘அம்மா’ நான்கு தட்டு. பாமினியில் ஐந்து. ‘தங்கம்’ ஐந்து தட்டு. பாமினியில் ஆறு, ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்துத் தட்டினால் ஏழு. இனவெழுத்து என்று இலக்கண வகுப்பில் படித்த விதி கைக்குள் வேலை செய்வதை இங்கே பார்க்கலாம். தமிழ்99ஐ வகுத்தவர்கள் தமிழை உள்ளிருந்து கேட்டிருக்கிறார்கள்.

விலையும் உண்டு. வலது சுண்டுவிரல்தான் அதைக் கட்டுகிறது. ண, ச, ஞ, ந, ய, ழ என்ற ஆறு மெய்கள் அந்த மெலிந்த விரலின் எல்லைக்குள் வருகின்றன. ‘யாழ்ப்பாணம்’ என்று ஒரு சொல்லை எழுதினால் ய, ழ, ண மூன்றும் அதற்கே. ஆங்கிலத்தில் பீயையும் எப்போதாவது அரைப்புள்ளியையும் தொட்டுவிட்டு ஓய்ந்திருக்கும் விரல் அது. ஆகவே தமிழ்99இல் எழுதுகிறவர் பலகையில் பார்க்க வேண்டிய முதல் விடயம், அந்த விரலுக்கு விசை எவ்வளவு பாரம் என்பது. செரியின் அளவுப்படி சிவப்பு சுவிட்ச்சுக்கு 45 சென்ரிநியூட்டன் போதும், நீலத்துக்கு 60 வேண்டும். சுட்டுவிரலுக்கு இந்த வித்தியாசம் பெரிதில்லை. சுண்டுவிரலுக்கு மூன்று பக்கம் எழுதியதும் தெரியும்.

இங்கேதான் சுவிட்ச்சைப் பிடுங்கி மாற்றக்கூடிய கே6 முன்னுக்கு வருகிறது. எல்லா விசைக்கும் ஒரே பாரம் என்ற கட்டாயம் அதில் இல்லை. வலது ஓரத்து ஆறு விசைகளுக்கு மட்டும் இலேசான சுவிட்ச்களைச் செருகிவிட்டு மற்றவற்றில் விரலுக்குத் தட்டுப்படும் பழுப்பு நிறத்தை விட்டுவைக்கலாம். ஆங்கிலப் பயனர்களில் பலர் சுவிட்ச் மாற்றுவது சத்தத்தின் அழகுக்காக. தமிழில் அதற்கு உடல் சார்ந்த காரணம் இருக்கிறது. மினியில் சுவிட்ச்கள் பற்றவைக்கப்பட்டவை, வாங்கிய நாளில் தெரிவு செய்ததுதான் கடைசிவரை.

கே6இன் உயரத்தையும் மறைக்கக் கூடாது. மணிக்கட்டின் கீழே ஒரு தாங்குகட்டை இல்லாவிட்டால் கை மேல்நோக்கி வளைந்து வலிக்கும். தட்டையான மினியில் அந்தக் கரைச்சல் இல்லை. ஏற்கெனவே மணிக்கட்டு நோவோடு வேலைக்குப் போய்வருகிறவருக்கு இந்த ஒன்றே தீர்ப்பாகிவிடலாம்.

சத்தத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் தொடர்மாடியில் இருக்கிறவர்களுக்கு இதில் தெரிவு அதிகம் இல்லை. நீல சுவிட்ச்சின் கிளிக் ஒலி எழுதுகிறவருக்கு உற்சாகம் தரும், பழைய தட்டச்சுப்பொறியை நினைவூட்டும். ஆனால் மெல்லிய சுவருக்கு அந்தப்பக்கம் இரவு வேலை முடித்து வந்து ஒருவர் படுத்திருக்கிறார். நூலகத்திலும் அது பொருந்தாது. பழுப்பு, சிவப்பு இரண்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது. மினியில் ‘ராக்ரைல் குவைற்’ என்ற வகை அந்தத் தேவைக்கென்றே வருகிறது.

எனக்கு ஒரு குறை உண்டு. இந்தப் பலகைகள் எதன் விசைமூடியிலும் தமிழ் எழுத்தில்லை. கனடாவின் இருமொழிப் பலகையில் சாய்கோட்டு விசையின் இடத்தில் பிரெஞ்சின் குறியிட்ட ஈ எழுத்து அச்சிடப்பட்டிருக்கும். தமிழ்99இல் அதே இடத்தில் ழ. ஒரு நாட்டின் தேசியத் தரம் தன் மொழிக்கு ஒரு மூடியைப் பெற்றுக்கொடுத்திருக்கிறது. எங்கள் ழ அதன் அடியில் பெயரில்லாமல் இருக்கிறது. பழகிய கைக்கு மூடியில் எழுத்துத் தேவையில்லை, உண்மைதான். பழகப்போகும் பிள்ளைக்கு மிகவும் தேவை. கே6இல் மூடிகளைக் கழற்றி வேறு மூடி போடலாம். அதன் கூட்டல்குறி வடிவத் தண்டு பெரும்பாலான மாற்று மூடிகளை ஏற்கும். மினியின் தட்டையான மூடிகளுக்கு மாற்று கிடைப்பது அரிது. தமிழ் எழுத்து அச்சிட்ட முப்பத்தொரு மூடிகளை ஒரு தொகுதியாகச் செய்விப்பது பெரிய முதலீடு கேட்கும் காரியமில்லை. புத்தகக் கடை நடத்துகிறவர்களும் மன்றங்களும் இதை யோசிக்கலாம்.

இதை வலியுறுத்தக் காரணம், எங்கள் பிள்ளைகள் தமிழை இப்போது எப்படித் தட்டுகிறார்கள் என்பது. கைபேசியில் ஆங்கில எழுத்தில் அம்மா என்று அடித்தால் தமிழில் அம்மா வருகிறது. வசதியானதுதான். அதில் எழுதத் தொடங்கியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், பலரைத் தமிழுக்குள் அழைத்து வந்த வாசல் அது. ஆனால் அந்த வழியில் ஒவ்வொரு தமிழ்ச் சொல்லும் ஆங்கில எழுத்துக்கூட்டல் ஒன்றைக் கடந்தே வெளியே வர வேண்டியிருக்கிறது. ல, ள, ழ மூன்றும் பிள்ளையின் மனதில் ஒரே ஆங்கில எழுத்தின் மூன்று வேடங்களாகிவிடுகின்றன. தமிழ்99இல் அவை மூன்று வேறு விசைகள். ன, ண, ந மூன்றும் அப்படியே. உச்சரிப்பில் மயங்கும் பிள்ளைக்கு விரலின் ஞாபகம் துணை நிற்கும். நாக்கு மறந்ததைக் கை வைத்திருக்கும்.

இலங்கையின் அரச தரமாக இருப்பது ரங்கநாதன் அமைப்பு. அதுவும் தட்டச்சுப்பொறியின் மரபில் வந்தது. அங்கிருந்து புதிதாக வருகிறவர்கள் அந்தக் கையோடு வருவார்கள், அவர்களுக்கும் விசைகள் கூடிய பலகையே பொருத்தம். தமிழ்99ஐப் பொறுத்தவரை கணினிப் பக்கத்தில் இன்று தடை எதுவும் இல்லை. ஆப்பிள் கணினிகளில் ஒலிபெயர்ப்பு முறையான அஞ்சலும் தமிழ்99உம் பல ஆண்டுகளாக உள்ளேயே இருக்கின்றன. ஐபோனுக்கு 2013இல் ஐஓஎஸ் 7 உடன் தமிழ் விசைப்பலகை வந்தது. விண்டோசிலும் இப்போது அமைப்புப் பக்கத்தில் தமிழ்99ஐத் தெரிவு செய்தால் போதும். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பலகையை மூன்று கருவிகளுக்கு மாற்றி மாற்றிப் பாவிப்பதென்றால், மூன்றிலும் தனித்தனியே தமிழை நிறுவ வேண்டும். எழுத்து பலகையில் இல்லை, கருவியில் இருக்கிறது.

ஆகவே என் தீர்ப்பு இது. தட்டச்சு வகுப்பில் பழகிய கைகளுக்கும் பாமினிக் கைகளுக்கும் ஆறு வரிசை கொண்ட மினி. வயது போன காலத்தில் அவர்களைப் புது அமைப்புக்கு மாறச் சொல்வது அநியாயம். அந்தக் கைகளின் உழைப்பில்தான் இங்கே முப்பது வருடத் தமிழ் அச்சு நின்றது. தமிழ்99 எழுதுகிறவர்களுக்கும் இனிப் பழக வேண்டியவர்களுக்கும், சுவிட்ச் மாற்றக்கூடிய கே6, சிவப்பிலோ பழுப்பிலோ, ஒரு தாங்குகட்டையோடு. 40 வீத அளவில் இன்னும் சிறிய பலகைகள் அழகாக வருகின்றன. அவற்றில் அடைப்புக்குறி விசைகள் இல்லை, ச இல்லாமல் தமிழ் எழுத முடியாது. வாங்க வேண்டாம்.

சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு நடத்துகிற ஆசிரியர்களிடமும் பெற்றோர்களிடமும் ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் கையெழுத்துப் பழகி முடிந்த வகுப்பில் ஒரு தவணையைத் தமிழ்99க்கு ஒதுக்குங்கள். வீட்டில் கிடக்கும் எந்தப் பழைய பலகையிலும் தொடங்கலாம், ஒளிபுகும் ஒட்டுத்தாளில் எழுத்துகளை எழுதி ஒட்டினால் போதும். நல்ல பலகையைப் பிள்ளை வேகம் பிடித்த பிறகு வாங்கிக் கொடுங்கள்.